தாய்மாமன் மடி

ஆசாரி இன்னும் பக்கத்து மரத்தடியில்தான் இருக்கிறார், நல்லது, மெதுவாகவே வரட்டும். அங்கே அக்கா தங்கை பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே செலவில் காது குத்தி முடித்துவிடலாமென்று மொத்தமாகக் கூட்டிவந்திருக்கிறார்கள் போல, ஒரு பிள்ளை அழுது ஓயும்போது அடுத்தது ஆரம்பிக்கிறது. எங்கள் பக்கம் எல்லாம் தயார். ஜமுக்காளம் விரித்தாயிற்று, அதன்மேல் மனைப்பலகை, மனைக்கு முன்னால் தட்டுத் தட்டாகப் பழம், வெற்றிலை, பட்டுப்பாவாடை, நடுத்தட்டில் சின்னச் சிவப்பு டப்பாவில் கம்மல். அம்மா பொங்கல் பானைக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறாள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். என் மகள் மிதுலா என் மடியில் உட்கார்ந்து என் வளையலைத் திருகிக்கொண்டிருக்கிறாள். நாலு வயது. காது குத்திக்கொள்ள அவளாகத்தான் ஆசைப்பட்டாள், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஜிமிக்கி போட்டு வருகிறதாம். வலிக்குமா என்று கேட்டாள். வலிக்கும், கொஞ்ச நேரம் நல்லா வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்றேன். பொய் சொல்லிக் கூட்டிவரவில்லை, அந்த மட்டில் நிம்மதி. இப்போது ஆசாரி இந்தப் பக்கம் வருவார், தாய்மாமன் மனையில் வந்து உட்காருவான், பிள்ளையைக் கொண்டா என்பார்கள், நான் தூக்கி அவன் மடியில் வைக்க வேண்டும். வைக்க மாட்டேன். அது நேற்றே முடிவான விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டுமே, இத்தனை பேர் முன்னால், இந்த வாயால். இந்த வாயை எனக்குத் தெரியும், சரி சொல்லிச் சொல்லியே பழகின வாய்.

தாய்மாமன் என்றால் அம்மாவுடைய அண்ணன் தம்பி, பிள்ளைக்கு அவன் மடிதான் முதல் மடி, அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அவன்தான் கம்மல் போட வேண்டும். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் பெரியம்மா மகன் சேர்மராஜ்தான் எனக்கு எல்லா விசேஷத்துக்கும் அண்ணன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் போட்டது அவன்தான், போட்டோவில் எனக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான், நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். வாயால் அண்ணன் என்பேன், மனசுக்குள் அவன். இப்போது அவன் கோவில் சுவரோரம் நின்று பூசாரியிடம் பேசிக்கொண்டிருக்கிறான், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கோவில்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிறான், நல்ல வியாபாரம். இந்த ஐயனார் கோவில் டியூப்லைட்டில் அவன் பெயர்தான் இருக்கிறது, உபயம் என்று சிவப்பு எழுத்தில், பாதி வெளிச்சத்தை அந்தப் பெயரே மறைத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். வரும்போது வேனில் எல்லாருக்கும் அவன்தான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தான், எனக்கும் நீட்டினான், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை, ஆனால் வாங்கினேன். ஏன் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதுமே. அந்த முறுக்கு இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது, நொறுங்கியிருக்கும்.

போன மாசம் அம்மா போனில் சொன்னபோது நான் ஸ்கேன் சென்டரில் இருந்தேன். எக்ஸ்-ரே எடுக்கிற வேலை எனக்கு. ஒரு பெரியவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்திருந்தேன். ஸ்பீக்கரில் அம்மா, "ஏட்டி செம்பகம், சேர்மராஜ்ட்ட சொல்லிட்டேன். கம்மலே எடுத்துட்டானாம். மடியில வைக்க வேற யாரு இருக்கா நமக்கு?" என்றாள். நான் சரி என்றேன். அப்படித்தான் வந்தது, தும்மல் வருகிற மாதிரி. போனை வைத்துவிட்டுப் பெரியவரிடம், மூச்சை இழுங்கய்யா, பிடிங்க என்றேன், படம் எடுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். விடுங்க என்று சொல்ல மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அந்த மனுஷர் முகமெல்லாம் சிவந்து, "விடட்டுமாம்மா?" என்றார். விடுங்கய்யா, விடுங்க என்றேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார், பிறகு நான் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். சாயங்காலம் அம்மாவுக்கு நானே போன் போட்டு, வேற யாரையாவது வைக்கலாம்மா என்று இழுத்தேன். அம்மா, "அதெல்லாம் அந்தக் காலம்ட்டி. அவன் மகன் காலேஜ் போறான். இன்னுமா அதையே நெனச்சிட்டுக் கெடக்க?" என்றாள். அதையே. அப்படியென்றால் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அம்மா அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அம்மா நம்பவில்லையோ, நான் சொன்னதே அவளுக்குப் புரியவில்லையோ, நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டேனோ என்று எத்தனை நாள் குழம்பியிருக்கிறேன். இல்லை, அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவனைக் கம்மல் எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து மரத்தடியில் ஒரு பையன் திமிறுகிறான். நாலு பேர் பிடித்திருக்கிறார்கள், ஒருத்தி வாயில் வாழைப்பழத்தைத் திணிக்கிறாள், அழக்கூடாது, ஆம்பளப் பிள்ளை அழலாமா, மாமா மடி பாரு, மாமா மடி எப்படி இருக்கு பாரு. பழம் வாயில் இருக்கும்போதே அவன் கத்துகிறான், பழம் வெளியே தெறிக்கிறது. நான் ஏன் கத்தவில்லை. இதோ வந்துவிட்டது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும், செக்குமாடு மாதிரி. பரீட்சை லீவில் என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். கீழே பெரியம்மா அடுப்பில் இருப்பாள், கூடத்தில் பெரியப்பா, டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம். மாடியில் ஒரு அறை, அப்போது அவன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான், பழைய டயர், டியூப் எல்லாம் அங்கேதான் கிடக்கும், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. அவன் வளர்ந்த ஆள், நான் மூன்றாம் வகுப்பு. தொடக்கூடாத மாதிரி என்னைத் தொட்டான். ஒரு லீவில் மட்டும் அல்ல, தொடர்ந்து வந்த லீவுகளிலும். இப்போது இதை ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது, இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மதுரைக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருக்கிறேன். கீழே ஆள் இருந்தது. கத்தியிருந்தால் பெரியம்மா கரண்டியோடு ஏறி வந்திருப்பாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்தேன். பிறகு அவன் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தான், நான் தின்றேன். அதுவும் வெகுநாள் அடைத்துக்கொண்டு நின்றது, அந்தச் சேமியா ஐஸ், தின்றாய் அல்லவா, அப்புறம் என்ன. அவன்தான் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவான், ஒருநாளும் விழவிட்டதில்லை. இதுவும் நடந்தது, அதுவும் நடந்தது. ராட்சசனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

மதுரையில் எஸ்தர் மேடம்தான் இதைப் பிரித்துக் காட்டினார். கவுன்சிலிங் என்றால் ஏதோ அறிவுரை சொல்லி விபூதி பூசி அனுப்புவார்கள் என்று நினைத்துப் போனேன், அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் பேசாமல் இருந்தாலும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏன் கத்தலைன்னு கேக்கறீங்களே, உங்க எக்ஸ்-ரே ரூமில் பயந்த பிள்ளைங்க எப்படி நிப்பாங்க என்று ஒருநாள் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கை உடைந்து வருகிற பிள்ளைகளில் கத்துகிறதுகள் உண்டு, ஓடுகிறதுகள் உண்டு, சிலது அப்படியே கட்டையாக நின்றுவிடும், கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பின பக்கம் இருக்கும், நல்ல பிள்ளை, ஆடவே இல்லை என்று நானே பாராட்டியிருக்கிறேன். அதுதான் என்றார் மேடம். உடம்பு அதுக்குத் தெரிஞ்ச வழியில உங்களக் காப்பாத்திருக்கு, அது சம்மதம் இல்ல, ஐஸும் சம்மதம் இல்ல, தப்புச் செய்தது பெரிய ஆள். வெறும் வார்த்தைதான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கேள்வி வரத்தான் செய்தது, ஆனால் பழையபடி கழுத்தைப் பிடிக்கவில்லை, வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. எனக்குத் தலைகீழாக எல்லாம் மாறிவிடவில்லை. இன்னும் ஸ்கூட்டர் பஞ்சரானால் கடைக்கு அவர்தான் தள்ளிக்கொண்டு போகிறார், அந்த வாடை எனக்கு ஆகாது. அது போதும், எனக்கு ஆகாததை ஒருத்தர் செய்துகொடுத்தால் போதும்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், தங்கதுரை. அதோ பொங்கல் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டு என்னையே பார்க்கிறார், புகையில் கண் சிவந்திருக்கிறது, அழுகிறாரோ என்று யாராவது நினைக்கப்போகிறார்கள். பிள்ளை பிறந்த புதிதில் நான் யார் கையிலும் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன், குளிப்பாட்ட வந்த அத்தையைக்கூடத் திருப்பி அனுப்பினேன், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டதும் எழுந்து பைக் சாவியை எடுத்தார், அவனை வெட்டிருவேன் என்றார், நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன், அன்றைக்குப் பூராவும் நான் அவரைச் சமாதானப்படுத்தியதுதான் மிச்சம். நடந்தது எனக்கு, ஆறுதல் அவருக்கு. எஸ்தர் மேடம் அவரையும் வரச்சொல்லி, உங்க கோபம் நியாயம்தான், ஆனா அதையும் அவங்களே சுமக்கணுமா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு மாறினார் மனுஷர். ஒவ்வொரு தடவையும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், என்ன பேசினாய் என்று கேட்க மாட்டார், பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் வாங்கித் தருவார். நேற்றுகூட, "நான் சொல்லவா செம்பா? மச்சான் வேணாம், நானே மடியில வச்சுக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருதேன்" என்றார். சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆனால் நான் வேண்டாம் என்றேன். நான் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் போனால், பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டால், அந்த நாலு நிமிஷத்தில் இவ்வளவு பேர் நடுவில் ஒன்றும் நடந்துவிடாதுதான், எனக்கே தெரியும். ஆனால் நானே என் கையால் தூக்கிக் கொடுத்ததாக ஆகும். நாளைக்கு மாமா வீடு, மாமா கடை, லீவுக்கு மாமா வீட்டுக்கு அனுப்பு என்று அந்த மடி நீண்டுகொண்டே போகும்.

நான் அம்மாவிடம் சொன்னது ஆறாம் வகுப்பு லீவில். சொன்னேன் என்றால் முழுசாக அல்ல, அதற்கு வார்த்தை ஏது அப்போது. அண்ணன்கூட மாடிக்குப் போக மாட்டேன், பெரியம்மா வீட்டுக்கே போக மாட்டேன் என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சுளகு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் தலையைத் தடவி, "இனிமே போக வேண்டாம். யார்ட்டயும் சொல்லாத. அப்பாட்ட கூடச் சொல்லாத" என்றாள். அவ்வளவுதான், மறுபடி சுளகை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னை ஒரு லீவுக்கும் அங்கே அனுப்பவில்லை, பிள்ளைக்கு டியூஷன் இருக்கு என்று அக்காவிடம் பொய் சொன்னாள், என் படுக்கையைத் தன் பக்கத்தில் மாற்றிப் போட்டாள். வீட்டுக் கூரை ஒழுகினால் அடியில் ஒரு வாளியை வைப்பது மாதிரி. அவள் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான், இல்லை, எட்டியது இன்னும் நிறைய, அக்கா உறவு அறுந்துபோகும், ஊர் சிரிக்கும், பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதெல்லாம் எட்டித்தான் வாயை மூடினாள். காப்பாற்றினாள், வாயையும் பொத்தினாள், ஒரே கையால். எனக்கு அம்மாமேல் பாசம் உண்டு, கோபமும் தீரவில்லை, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கிறது. நான் போகாமல் நின்ற பிறகு பெரியம்மாவுக்குக் கூடமாட ஆள் வேண்டுமென்று சித்தி மகள் பொன்செல்வியைத்தான் லீவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னைவிடச் சின்னவள். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, சரியாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் யோசனை போகும்போதெல்லாம் நான் எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவேன்.

"அக்கா, காப்பி." பொன்செல்விதான், பேப்பர் டம்ளரோடு நிற்கிறாள். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் வேண்டாம் என்று இவள் சொல்லிச் சொல்லிச் சித்தி சலித்துப்போய்விட்டாள். எந்த விசேஷத்துக்கும் கடைசியாக வந்து பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவாள், பஸ் போயிரும் என்பாள், அவளுக்கென்று ஒரு பஸ் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். வேனில்கூடக் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள், முறுக்கு வந்தபோது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காப்பியைக் கொடுத்துவிட்டு மிதுலா கன்னத்தைத் தொடக் கை நீட்டினாள், பிள்ளை முகத்தை விலக்கிக்கொண்டது. "தொடக்கூடாது, கேட்டுட்டுத் தொடணும்" என்றது பெரிய மனுஷி மாதிரி. நான் சொல்லிக்கொடுத்ததுதான், உன் உடம்பு உன்னுடையது, பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல், யாராக இருந்தாலும். அந்தப் பாடத்தை முதலில் என்மேல்தான் பரீட்சை பண்ணினாள், இது என் உடம்பு, இன்னைக்குக் குளிக்க மாட்டேன் என்று. பொன்செல்வி கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து, "தொடலாமா?" என்று கேட்டாள். மிதுலா யோசித்து, சரி என்றாள். பொன்செல்வி கன்னத்தைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கக்கா" என்றாள், போய்விட்டாள்.

ஆசாரி எழுந்துவிட்டார். பெட்டியை மூடுகிறார், துண்டை உதறித் தோளில் போடுகிறார், வருகிறார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, சந்தனத்தைக் குழைத்து, கம்பியை எடுத்துத் துடைத்து, எல்லாம் சாவகாசமாக, அவருக்கு இது இன்றைக்கு எத்தனையாவது காதோ. "தாய்மாமன் வாங்க" என்றார். அவன் வேட்டியை மடித்துக்கட்டி வந்து, ஐயனார் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பெரியம்மா அவன் கழுத்தில் மாலை போட்டாள். எல்லாரும் நெருங்கி வந்தார்கள், செல்போன்கள் எழும்பின. அவன் இரண்டு கையையும் நீட்டி, "கொண்டா செம்பகம், எம் மருமகள" என்றான். நகத்தில் கறுப்பு, டயர் கறுப்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதது. மூச்சை இழுங்க, பிடிங்க. பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காலண்டர் எங்கே. என் கை பிள்ளையின் கக்கத்தில் போய்விட்டது, தூக்குகிறது, நான் தூக்கவில்லை, அதுவாகத் தூக்குகிறது, சரி என்று வரப்போகிறது. மிதுலா என் காதில், "அம்மா, நான் உன் மடிதான?" என்றாள். விடுங்க, விடுங்கய்யா. "நான் உக்காருதேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், "பிள்ளைய நான் வச்சுக்கிறேன்." பெரியம்மா சிரித்தாள், "எந்த ஊர் வழக்கம்ட்டி இது, தாய்மாமன் இருக்கும்போது?" யாரோ, பிள்ளை பயப்படுதுபோல என்றார்கள், யாரோ, நேரமாகுது என்றார்கள். அவன் கையை மடக்கவில்லை, நீட்டியபடியே, அந்த முறுக்கு நீட்டிய சிரிப்போடு, "என்ன செம்பகம், அண்ணன் மடி ஆகாதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான், "ஆகாது" என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது, அடுத்த ஆள் வாங்க என்று கூப்பிடுகிற குரல். "ஏன்னு கேக்காதீங்க. கேட்டா இங்கயே சொல்லிருவேன்." சிரிப்பு நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன், இத்தனை வருஷத்தில் நேருக்கு நேராக இப்போதுதான் பார்க்கிறேன், மாலைக்கு மேலே ஒரு வயசான முகம், பயந்த முகம். கேட்கட்டும் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அடுப்பை விட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றார், நிற்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது. அம்மா மட்டும் பொங்கல் கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள், அந்தச் சுளகு நின்ற மாதிரி. என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. சொல்லாதே என்று வரும், வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வந்து அவன் முன்னால் நின்று, "எந்திரிப்பா" என்றாள். "சித்தி…" என்றான் அவன். "எந்திரின்னேன்லா. எம் மக உக்காரட்டும். கம்மலையும் எடுத்துக்க, நான் வேற வச்சிருக்கேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், உள்ளே என் சின்ன வயசுக் கம்மல், சிவப்புக் கல் வைத்தது. வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் சொல்லுவேனா மாட்டேனா என்று அவளும்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாளோ, அதனால்தான் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாளோ. ஏன் நீயே முதலில் சொல்லவில்லை அம்மா என்று கேட்க வேண்டும். கேட்பேன், இன்றைக்கு இல்லை. எனக்கு அழுகை வந்தது, பரவாயில்லை, வரட்டும்.

அவன் எழுந்து மாலையைக் கழற்றி மனை ஓரத்தில் வைத்துவிட்டுக் கண்மாய்ப் பக்கமாக நடந்தான். நான் மனையில் உட்கார்ந்தேன், பலகையில் இன்னும் அவன் சூடு இருந்தது, சேலையை இழுத்து மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஆசாரிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "யார் மடின்னாலும் சரி தாயி, தலைய ஒருத்தர் அசங்காமப் பிடிக்கணும், எனக்கு அதுதான் வேணும்" என்றார். யார் பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இப்போது என் பக்கத்தில் வந்து உட்காருவது எதற்கோ ஓட்டுப் போடுவது மாதிரி ஆகிவிட்டதல்லவா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்செல்வி வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, "பிடிக்கலாமா?" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஆசாரி சந்தனப் பொட்டு வைத்தார், குறி பார்த்தார், கம்பி இறங்கிற்று. மிதுலா ஒரு கணம் கட்டையாகிவிட்டாள், கண் விரிந்து, மூச்சு நின்று, ஐயோ, அதே மாதிரி. அழக்கூடாது, அழக்கூடாது, சாக்லேட் குடு, பழத்தக் குடு என்று சுற்றிலும் கத்தினார்கள். "அழுடா" என்றேன். "வலிக்குதுல்ல, கத்து. நல்லாக் கத்து. அம்மா இருக்கேன்." பிள்ளை கத்தியது பாருங்கள், அப்படி ஒரு சத்தம், கோவில் வேம்பில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தது, ஆசாரியே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று, நெஞ்சு லேசாகிற்று.

அந்தச் சத்தத்துக்குள்தான் பொன்செல்வி சொன்னாள். என் தோளுக்குப் பக்கத்தில் அவள் வாய் இருந்தது, கை பிள்ளையின் தலையில், கண் பிள்ளையின் காதில் இருந்த ரத்தப் பொட்டில். "எனக்கும்தாங்க்கா" என்றாள். "நீ வராம நின்னதுக்கு அப்புறம்." எனக்கு எஸ்தர் மேடம் சொன்னது ஒன்றும் ஞாபகம் வரவில்லை, என்ன சொல்ல வேண்டும், எதைக் கேட்கக்கூடாது, ஒன்றும் வரவில்லை. "நான் நம்புறேன்" என்றேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றாள், அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், தட்டு ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது, பழங்கள் உருண்டு என் காலுக்கு வந்தன. நான் திரும்பவில்லை. பொன்செல்வியின் கண்ணில் தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்க அவளுக்குக் கை இல்லை, எனக்கும் இல்லை, நான் என் தோளை அவள் முகத்துக்குக் காட்டினேன், அவள் அதில் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குச் சாப்பிடாமப் போயிராத" என்றேன். "எங்கூட வீட்டுக்கு வா. உம் பஸ் போனாப் போகுது." தலையை ஆட்டினாள்.

ஆசாரி கம்பியைத் துடைத்துவிட்டு, "அந்தக் காதத் திருப்புங்க தாயி" என்றார். மிதுலா விக்கலுக்கு நடுவில் என்னைப் பார்த்தாள். "இன்னொண்ணு இருக்கா?"

"இருக்குடா."

"இதுக்கும் கத்தலாமா?"

நானும் பொன்செல்வியும் ஒரே நேரத்தில், "கத்து" என்றோம். பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது.